ஆசனம் இல்லையாம்

அம்மா லண்டனுக்குப் போகவேண்டும். தம்பியின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவு, அதாவது பிறப்புத் தீட்டைக் கழிக்கும் சடங்கு. மூன்று மாதம் முன்பே பணம் கட்டி டிக்கெட் எடுத்தாயிற்று. சரக்குத்தூள், மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் கட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "ஆசனங்கள் நிரம்பிவிட்டன."

நிரம்பியது எப்படி? சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருப்பதைவிடக் கூடுதலாக விற்கிறார்கள். எல்லோரும் வந்துவிட்டால் யாரோ ஒருவர் வெளியே நிற்கவேண்டும். இல்லாத பொருளை விற்றால் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அதற்குப் பெயரே வேறு!

2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் விமானத்துக்குள் அமர்ந்திருந்த ஒரு வைத்தியரை, ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்று தரதரவென்று இழுத்துப்போனார்களே, அந்தக் காணொளி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானமென்றால் அந்த ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. விரும்பி விட்டுக்கொடுப்பவர்களை முதலில் கேட்கவேண்டும். விருப்பமில்லாதவரை இறக்கினால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு. இங்கே எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கூப்பன் துண்டைத்தான் நீட்டினார்கள்.

அம்மா மூன்றாம் நாள்தான் ஏறினார். துடக்குக்கழிவு முடிந்துவிட்டது. பேரனுக்கு அரைஞாண் கட்டியதை அவர் தொலைபேசியில்தான் பார்த்தார்.