ஏறி உட்கார்ந்தால்தான் பலனா?

குதிரையைக் கொண்டு மனிதர்களுக்குத் தரும் குதிரைச் சிகிச்சை என்றால் சவாரிதான், ஏற முடியாத முதியவர்களுக்கு அதில் பலனில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. குதிரை நடக்கும்போது நம் இடுப்பும் நாமே நடப்பது போல அசைகிறது, அதனால் உடம்பின் சமநிலைக்கு நல்லது, சரி. ஆனால் என் அப்பா, சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடல் 1999இல் கிராஞ்சிக்கு மாறும்வரை புக்கிட் தீமாவில் குதிரை பராமரித்தவர். இப்போது முதுமை மறதி. என் பெயரே சில நாள் வராது. போன மாதம் ஒரு குதிரையின் பக்கத்தில் நிறுத்தினோம். பிரஷ்ஷை வாங்கிக் கழுத்திலிருந்து முடி படிந்த திசையிலேயே தேய்த்தார். பின்பக்கம் சுற்றிப் போகும்போது, அது மிரளாமலிருக்க, அதன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. எலும்பு மெலிந்தவர்களைக் குதிரையில் ஏற்றுவது ஆபத்துதான். அவர்களைக் குதிரை அருகிலாவது அழைத்துப் போங்கள்.