கொலையாளியின் பெயருக்காகவா நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். வராதவர்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே முழுவதையும் நான் திரும்பச் சொல்லவில்லை. துப்பறியும் தொடர் பார்ப்பவர்களுக்குக் கொலைகாரனின் பெயர் ஒன்றுதான் வேண்டும், அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் எட்டு மணி நேரம் மிச்சமாகும், எல்லாமே வெட்டிப் பொழுதுபோக்கு என்று பேச்சாளர் சொன்னார், அரங்கம் சிரித்தது. அதோடு நிறுத்தாமல், நான் அந்த வாரம்தான் பார்க்கத் தொடங்கியிருந்த தொடரின் முடிவையும் மேடையில் உடைத்துச் சொன்னார். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் நண்பர்கள் மூவர் இருந்தார்கள். மூன்று நாள்களாக அதுதான் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள் என்று அவர் யோசனையாகச் சொன்னதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968-லேயே செய்துவிட்டார்கள். 'கொலம்போ' அந்த ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்தது, 1971-இல் தொடரானது. யார் கொன்றார், எப்படிக் கொன்றார் என்பதை நாம் கண்ணால் பார்த்த பிறகுதான் துப்பறியும் காவல்துறை அதிகாரி கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் கசங்கிய மழைக்கோட்டோடு உள்ளே வருவார். இருபத்து நான்கு வயது ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கிய முதல் பகுதியில் கொலையாளியே ஒரு மர்மக்கதை எழுத்தாளர். அதுவும் நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். மறைக்க எதுவும் இல்லாத இந்தத் தொடர் இடைவெளி விட்டு விட்டு 2003 வரை, மொத்தம் 69 பகுதிகள் ஓடியது. பெயருக்காக மட்டுமே மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், இத்தனை ஆண்டுகள் அவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள்?

கேள்விக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என் பதில். விடைபெற்று வாசல்வரை போன மனிதர் திரும்பி வந்து, இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்று தலையைச் சொறிவாரே, அந்தக் கணத்துக்காக. அவர் எதிரே நிற்பவர் பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், ஊரே மதிக்கும் பெரிய மனிதர். அவரிடம் போய் ஒரு சாதாரணக் காவல்துறை ஆள் பணிவாக, அவசரப்படாமல், ஆனால் விடாமல் கேட்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

1993-இல் தூர்தர்ஷனில் 'பியோம்கேஷ் பக்ஷி' என்ற இந்தித் துப்பறியும் தொடர் வந்தபோது எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அப்பாவும் நானும் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. பியோம்கேஷாக நடித்த ரஜித் கபூரின் கண் எங்கே போகிறது, எதிரே இருப்பவர் டம்ளரை எப்படிக் கீழே வைக்கிறார் என்பதை வைத்து நாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வோம். முடிந்த பிறகும் கொலையாளி யார் என்பதில் எங்களுக்குள் சண்டை வரும். பெயர் கடைசிவரை தெரியாமலே பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். தன்னைத் துப்பறிவாளர் என்று அழைப்பதை பியோம்கேஷ் விரும்பமாட்டார், சத்தியத்தைத் தேடுபவன் என்றே சொல்லிக்கொள்வார் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கதை சொல்லும் முறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையாவது அந்தப் பேச்சாளர் பார்த்திருக்க வேண்டும். ஒரு பகுதியில் ஒரு கொலை, முடிவில் எல்லோரையும் கூட்டிவைத்து விளக்கம் என்ற வடிவம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் 2007-இல் டென்மார்க்கில் வந்த 'ஃபோர்பிரிடெல்சன்' தொடர் ஒரே ஒரு வழக்குக்கு இருபது பகுதிகளை ஒதுக்கியது. ஒவ்வொரு பகுதியும் விசாரணையின் ஒரு நாள். காவல்துறைக்குக் கொடுத்த அளவு நேரத்தைப் பெண்ணைப் பறிகொடுத்த பெற்றோரின் சமையலறைக்கும் கொடுத்தது. 2013-இல் வந்த பிரிட்டிஷ் தொடர் 'பிராட்சர்ச்' பதினொரு வயதுப் பையனின் மரணம் ஒரு கடலோரச் சிற்றூரை என்ன செய்கிறது என்று பார்த்தது. கடைசிப் பகுதி முடிய நெடுநேரம் இருக்கும்போதே கொலையாளி யார் என்று தெரிந்துவிடும். மீதி நேரம் முழுவதும் அந்தச் செய்தி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எப்படிப் போய் இறங்குகிறது என்பதுதான். நம் பக்கம் 2022-இல் வந்த தமிழ்த் தொடர் 'சுழல்' காணாமல்போன பெண்ணைத் தேடுவதோடு மயானக் கொள்ளைத் திருவிழாவையும் சேர்த்துப் பின்னியது. பெயர் மட்டும் போதும் என்பவருக்கு இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

பெயர் முக்கியம் இல்லை என்றால் முடிவைச் சொன்னதற்கு ஏன் கோபப்படுகிறாய் என்று கேட்பீர்கள். கொலம்போவில் முதலில் சொல்வதும் பிராட்சர்ச்சில் கடைசியில் சொல்வதும் கதை சொல்பவர்கள் யோசித்து எடுத்த முடிவுகள். எந்த வரிசையில் நான் அறிய வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். மேடையில் மைக் கிடைத்தவர் தீர்மானிக்க வேண்டாம். 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் கொலையாளியைச் சொன்ன பிறகு பார்வையாளர் கூட்டம் கலைந்ததே என்றும் ஒருவர் சொல்லக்கூடும். தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கிச் சொல்ல வைத்த விடை அது. அதற்கு மேல் பேச விருப்பமில்லை.

ஒரு குறையை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. இத்தகைய தொடர்களில் பல ஓர் இளம்பெண்ணின் சடலத்தில்தான் தொடங்குகின்றன. அவள் யார், எதற்குச் சிரிப்பாள் என்பதைச் சொல்லாமலே பல தொடர்கள் முடிந்தும்விடுகின்றன. இதை என்னிடம் முதலில் சொன்னவள் என் தங்கை. அவளுக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வெட்டிப் பொழுதுபோக்கு என்று சொன்னதை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் படித்தபோது அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி காணாமல்போனது. ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, என்னையும் தங்கையையும் சாப்பிட வைத்த அக்காவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்தவர் அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி இரண்டு மணி நேரம் மிரட்டினார். ஐந்து வாரம் கழித்து, பீரோவின் அடித்தட்டில் ஒரு பட்டுப்புடவை மடிப்பிலிருந்து சங்கிலி விழுந்தது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய இரவு அம்மாவே கழற்றி வைத்தது. சங்கிலியைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. அங்கேயே நின்றிருந்த நானும் கேட்கவில்லை. அப்பா போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா கதவைத் திறக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் அன்று ஒரு பெயர் மட்டும்தான் வேண்டியிருந்தது. அது முதல் நிமிடத்திலேயே கிடைத்தும் விட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு வலித்தது.

அம்மா இப்போது என்னோடு கொலம்போ பார்க்கிறார். ஆங்கிலம் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும். கொலை நடக்கும்போது காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் வாசல்வரை போய்த் திரும்பும்போது மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப கேப்பாரு பாரு" என்பார்.