சிறகுள்ள குதிரைக்குச் சிறகில்லாத பெயர்

தொடர்கதையில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு மேலே ஒரு சிறகுக் குதிரையைப் பறக்கவிடப் போகிற, எழுதுகிற வடசென்னைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு 'சிறகன்', 'வான்பரி', 'விண்புரவி' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். சிறகு இருப்பதை முதல் பத்தியே காட்டிவிடும். பெயரும் அதையே திரும்பச் சொன்னால் அது கதைக்கு எதையும் கொண்டுவரவில்லை.

பழைய பெயர்களை எடுத்துப் பாருங்கள். பாற்கடலில் பிறந்த உச்சைச்சிரவத்தின் பெயரில் இருப்பது காதும் ஒலியும்தான். பெகாசஸுக்குச் சிறகு உண்டு, ஆனால் கிரேக்கக் கவி ஹெசியட் அந்தப் பெயரை நீரூற்றுகளோடு சேர்த்துத்தான் சொல்கிறார். நம் பக்கம் வந்தால் சிறுபாணாற்றுப்படையில் காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி. வீரன் பெயரே குதிரைக்கும். பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் சேரன் குதிரையைப் பாடலம், சோழன் குதிரையைக் கோரம், பாண்டியன் குதிரையைக் கனவட்டம் என்கின்றன. இவற்றில் எதிலும் 'குதிரை' என்ற சொல்லே இல்லை.

பெயர் தேடும்போது பலரும் அகராதியில் தொடங்குகிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. இந்தக் குதிரைக்குப் பெயர் வைத்தது யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அரசவைப் புலவன் வைத்தால் நிறமும் குலமும் வரும். லாயத்தில் புல் போடுகிறவன் வைத்தால் அதன் குணமோ தழும்போ வரும். விடியுமுன் காசிமேட்டிலிருந்து படகை எடுக்கிற மீனவன் அதைப் பார்த்திருக்கவே மாட்டான், இருட்டில் தலைக்கு மேல் போன காற்றைத்தான் உணர்ந்திருப்பான். அவன் வைக்கிற பெயர் காற்றின் பெயராகத்தான் இருக்கும்.

அவனுக்குக் காற்றுச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். 'கச்சான்' நல்ல வல்லோசையுள்ள சொல், கடற்கரைக்காரருக்கு நன்றாகத் தெரிந்த மேலைக்காற்று. ஆனால் ஈழத்து வாசகருக்குக் கச்சான் என்றால் வேர்க்கடலை. போர்க்களத்தில் கச்சான் இறங்கியது என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் படிக்கிறவர் சிரித்துவிடுவார். 'கொண்டல்' அழகான கீழைக்காற்று. பாட்டில் அதை விளித்துக் கூப்பிடும்போது, தோன்றல் 'தோன்றால்' ஆவதுபோல, 'கொண்டால்' ஆகிவிடும். அதைப் பெயர் என்று யார் படிப்பார்கள்? 'வங்கூழ்' சங்கச்சொல், கம்பீரமானது. நம் தெருவில் பழம் பயமாகும், கிழவி கெயவியாகும், ஆகவே வங்கூழ் 'வங்கூய்' ஆகும். உங்கள் பாத்திரங்கள் வடசென்னைப் பேச்சு பேசுகிறார்கள் என்றால் ழகரம் உள்ள பெயரை அந்த வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சிறகைச் சொல்லியே தீர வேண்டும் என்று நினைத்தால் இன்னும் பெரிய பள்ளங்கள் உண்டு. பழந்தமிழில் சிறகுக்குச் 'சிறை' என்று பெயர். இன்று 'சிறைப்பரி' என்றால் ஜெயில் குதிரை. 'பறை'க்கும் சிறகு என்று பொருள் உண்டு, இன்றைக்கு அது மேளம். 'தூவி' மிச்சமிருக்கிறது, மென்மையான நல்ல சொல். கருந்தூவி சரியாக வரும். வெள்ளைக் குதிரைக்கு வெண் சேர்த்தால் புணர்ச்சியில் 'வெண்டூவி' ஆகி வாசகர் தடுக்குவார். சோழன் குதிரைப் பெயரையே எடுக்கலாமே என்றால், கோரம் இன்று விபத்துச் செய்தியில் வருகிற சொல்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. குதிரை அஃறிணை. 'உருமன்' என்று அன் விகுதி போட்ட உடனே வாசகர் மனம் 'அவன்' என்கிறது. 'உருமன் பறந்தது' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இடறும். குதிரை பேசும், முடிவெடுக்கும், காதலிக்கும் என்றால் அன் வையுங்கள், 'பறந்தான்' என்றே எழுதுங்கள். விலங்காகவே இருக்கும் என்றால் 'உருமு' போதும். இடி என்று பொருள், காரி, ஓரி போலவே பால் காட்டாது. பெயரை முடிவு செய்யுமுன் ஐ, கு, இன், ஓடு சேர்த்து நான்கு வாக்கியம் எழுதி வாய்விட்டுப் படித்துவிடுங்கள். தொடர்கதை முழுக்க அந்த உருபுகளோடுதான் பெயர் வரும், தனியாக வருவது குறைவு.

பெயரின் முதல் ஒலியிலும் ஒரு கணக்கு உண்டு. பழைய தமிழில் ர, ல, ட சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் இராயபுரம் என்று முன்னால் ஓர் இ போட்டு எழுதினார்கள். 'ரக்‌ஷார்', 'ட்ரெய்வன்' மாதிரிப் பெயர்கள் ஆயிரம் வருடப் பழமை உள்ள குதிரைக்கு ஒட்டாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். மந்தையாக ஆறு குதிரை வந்தால் ஆறுக்கும் வெவ்வேறு முதலெழுத்து கொடுங்கள். போனில் படிக்கிறவர் முதலெழுத்தைப் பார்த்தே தாண்டிப் போகிறார், வாயுவும் வாடையும் வாலியும் ஒன்றாகிவிடும்.

மனிதர்கள் இன்றும் தாங்கும் குலப்பெயர், சாதிப்பெயரைத் தொடாதீர்கள். நிறம் சாம்பல் என்பதற்காகச் 'சாம்பன்' என்று வைத்துவிடக் கூடாது. நபிகள் நாயகத்தின் விண்பயண வாகனமான புராக் ஒரு சமூகத்தின் நம்பிக்கைக்கு உரிய பெயர், அதையும் கதைக்கு எடுக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த தேர்வு 'ஊதை'. சங்கப் பாட்டில் குளிர்காற்று. இரண்டே எழுத்து, ழகரம் இல்லை, ஊதையை, ஊதைக்கு, ஊதையின் என்று வழுக்காமல் போகிறது. ஆனால் ஒரே வடிவத்தோடு விட்டால் நேற்று செய்த பெயராகத்தான் தெரியும். புழங்கிய பெயர் தேயும். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று அழைத்ததால் தொண்டியார்பேட்டை வந்தது, அது தேய்ந்து தண்டையார்பேட்டை ஆனது என்று சொல்கிறார்கள். குதிரைக்கும் அப்படி மூன்று வாய் கொடுங்கள். புலவன் பாட்டில் 'முந்நீர் ஊதை', லாயக்காரன் வாயில் வெறும் 'ஊத', அது தாழப் பறந்து குடிசைகளைக் கலைத்த ஊரில் 'கூரைபிரிச்சான்' (பயந்த ஊர் அதை ஓர் ஆளாகவே நினைப்பதால் இங்கே மட்டும் ஆன் வரலாம்). மூன்றும் ஒரே குதிரைதான் என்று வாசகருக்கு உடனே சொல்லிவிடாதீர்கள்.

குதிரை நூல் மரபில் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் குதிரைகளுக்கெல்லாம் சிறகு இருந்ததாம், இந்திரன் கேட்டுக்கொண்டதால் சாலிஹோத்திர முனிவர் அதை அறுத்தாராம். புனைவுக்கு இதைவிட வளமான அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. அறுபடாமல் தப்பிய ஒரே குதிரை உங்கள் குதிரை என்றால் அதற்கு எந்த லாயக்காரனும் பெயர் வைத்திருக்க முடியாது. அப்போது அதன் முதல் பெயர் 'கூரைபிரிச்சான்' ஆகத்தான் இருக்க வேண்டும். 'ஊதை' என்ற பெயர், அது ஒருவனைத் தன்மேல் ஏறவிட்ட அத்தியாயத்துக்குப் பிறகு வரட்டும்.