ஏற்காடு ஏறும்போது எதற்கு இவ்வளவு ஹாரன்?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து அதிகம். அங்கே அழுத்தி மிதித்தால் சைக்கிளின் முன்சக்கரம் தூக்கும், அதனால் கொஞ்சம் அகலமாகப் போய்த்தான் திரும்ப முடியும். சரியாக அந்த இடத்தில்தான் பின்னால் வரும் கார்க்காரர் ஹாரனை அமுக்கிப் பிடிக்கிறார்.

வளைவுக்கு முன்னால் ஒருமுறை அடிப்பது நியாயம், எதிரே வருகிறவருக்குத் தெரிய வேண்டும். என் முதுகுக்குப் பின்னாலேயே விடாமல் அடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்தானே இருக்கிறது!

இறங்குகிறவர்கள் இன்னும் மோசம். குறுகலான மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. இவர்களோ நம் பக்கத்துக்கே வந்து லைட்டை அடித்து அடித்து விரட்டுகிறார்கள். சரி, குப்பனூர் வழியாகப் போகலாம் என்றால், விடுமுறை நாளில் அங்கேயும் இதே கதை.

இத்தனைக்கும் பஸ் டிரைவர்கள் வளைவு முடியும்வரை பேசாமல் பின்னால் வருகிறார்கள். அவ்வளவு நீள வண்டியை வைத்துக்கொண்டு அவர்களால் முடிகிறது. காரில் வருகிற உங்களுக்குப் பத்து நொடி பொறுக்க முடியாதா?