எண்ணூர்க் காற்றும் உறங்கும் செல்களும்

புற்றுநோய் உயிரியலில் அண்மைக் காலத்தில் என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு மருந்தைப் பற்றியதன்று, காற்றைப் பற்றியது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரையை வட சென்னைக்காரர் எவரும் பதற்றமின்றிப் படித்துவிட முடியாது.

காற்றிலுள்ள நஞ்சு செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, அதனால் புற்று உண்டாகிறது என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம். புகையிலைக்கு அது பொருந்துகிறது. ஆனால் புகைபிடிக்காதவர்களின் கட்டிகள் பலவற்றில் அத்தகைய சிதைவின் தடயம் இல்லை. ஸ்வான்டன் குழு 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் திசுவைச் சோதித்தபோது, 18 சதவீதத்தினரிடம், செல் பெருக்கத்தைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் புற்றுக்கு வித்திடக்கூடிய மாற்றம் ஏற்கெனவே இருந்தது. வயது ஏற ஏற யாருக்கும் சேரும் இம்மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் உறங்கிக் கிடக்கின்றன. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள் உள்ளே போகும்போது மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் அங்கே குவிந்து, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க, அந்த அழற்சியே உறங்கிய செல்லை எழுப்பிப் பெருகச் செய்கிறது. எலிகளில் அப்புரதத்தைத் தடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது.

இக்கருத்தின் வேர் பழையது. 1940-களில் ஐசக் பெரன்ப்ளூம் என்ற ஆய்வாளர் எலியின் தோலில் முதலில் புற்றை உண்டாக்கும் வேதிப்பொருளைச் சிறிதளவு தடவி, பின்னர் அழற்சியூட்டும் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவியபோதே கட்டிகள் மிகுதியாக எழுந்தன. நம் சித்த மருத்துவர்கள் சுத்திசெய்து பேதி மருந்தில் சேர்க்கும் அதே நேர்வாளம்தான்.

வட சென்னையில் எண்ணூரை அடுத்த எர்ணாவூரில் இருக்கும் என் சித்தி, மொட்டை மாடியில் துணி உலர்த்துவதற்கு முன் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைப்பார். துணியில் சாம்பல் நிறக் கோடு விழும். அவருக்கு நுரையீரல் புற்று என்று தெரிந்த அன்று மருத்துவர் முதலில் கேட்டது, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்பதைத்தான். ஒருவரும் இல்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் காற்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தனி ஒருவரின் நோயை வைத்து அப்படிச் சொல்ல அறிவியல் இடந்தராது. கயிற்றில் படியும் சாம்பலை விடவும், கண்ணுக்கே புலப்படாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் ஆகியவற்றுக்கு நடுவே லட்சக்கணக்கானோர் வாழும் இடத்தில், அந்தக் கேள்வி கேட்கப்படாமலே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் பி.எம். 2.5 என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்பு. இந்தியாவின் வரம்போ 40.

அழற்சியைத் தடுக்கும் மருந்து தீர்வாகுமா என்றால், அது எளிதன்று. அதே இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்தை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் நுரையீரல் புற்று எதிர்பாராமல் குறைந்தது. ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின. புற்று முற்றியவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்த பின்னைய சோதனைகள் பயன் தரவில்லை. நோய் வருமுன் யாருக்கு, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதுதான் இனி ஆராயப்பட வேண்டியது.

அந்த ஆராய்ச்சி இங்கேயே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்பு மார்பகப் புற்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. அடுத்து புகைபிடிக்காதவர்களின் நுரையீரல் புற்றை எடுத்துக்கொள்ளலாம். அடையாறு புற்றுநோய் மையம் 1980-களிலிருந்து பேணிவரும் சென்னை நோயாளிப் பதிவேட்டை, மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் உள்ள காற்றுத்தர அளவீடுகளோடு வார்டு வாரியாக இணைத்துப் பார்க்கலாம். தைவான் 2022-இல், குடும்பத்தில் நுரையீரல் புற்று இருந்தால் புகைபிடிக்காதவர்களுக்கும் அரசுச் செலவில் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்கத் தொடங்கியது. அத்தகைய பரிசோதனையை முன்னோட்டமாக நடத்திப் பார்க்க எண்ணூரும் மணலியும் ஏன் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது? இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் இதற்குப் பதில் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.