எத்தன பேருன்னு மட்டும் சொல்லித் தொலைங்க!

"ஒரு அம்பது அறுபது பேர் வருவாங்கக்கா, நீங்க ஒரு குத்துமதிப்பா பண்ணிடுங்க."

இதைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் பிபி ஏறுது. அம்பதா, அறுபதா? அரிசியைக் குத்துமதிப்பா அளந்து போடறதா? கறிக்கடை அண்ணன்கிட்ட போய் "ஒரு குத்துமதிப்பா வெட்டுங்கண்ணா"ன்னா அவர் என்னைத்தான் வெட்டுவார்.

குன்னூர்ல வீட்டுலயே சமைச்சு விசேஷங்களுக்குக் கொடுக்கறேன். பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து, பால் காய்ச்சறது, எது வந்தாலும் செய்வேன். விலையில பேரம் பேசறாங்க, சரி. உப்பு கூடிப்போச்சுங்கறாங்க, அதுவும் சரி, நாக்கு அவங்களோடது. அட்வான்ஸ் கேட்டா மூஞ்சி சுருங்குது, அதையும் பொறுத்துக்கறேன். ஆனா எத்தன பேர்னு கேட்டா மட்டும், என்னமோ வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி முழிக்கறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. பத்திரிகை எத்தன அடிச்சோம்னு தெரியுது. ரிட்டர்ன் கிஃப்டை எண்ணி வாங்கறாங்க. கேக் எத்தன கிலோன்னு கரெக்டா ஆர்டர் போடறாங்க. சோத்துக்கு மட்டும் கணக்கு கிடையாதாம்.

கீழ ஊர்ல இருக்கறவங்களுக்கு இது பெரிசா தெரியாது. கோயமுத்தூர்ல ஆள் கூடிப்போனா இன்னொரு உலை வச்சு வடிச்சுடலாம், இல்ல தெருமுனை ஓட்டலுக்கு ஓடலாம். மலையில அடுப்பே நம்ம பேச்சைக் கேக்காது. கீழ 100 டிகிரியில கொதிக்கற தண்ணி, 2,240 மீட்டர் உயரத்துல இருக்கற ஊட்டியில 93 கிட்டயே கொதிச்சுடும். குன்னூர்ல அதுக்கு ஒரு டிகிரி கூட, அவ்வளவுதான். கொதிக்குதேன்னு பார்த்துக்கிட்டு நிக்கலாம், பருப்பு வேகாது. துவரம்பருப்பை அண்டாவுல போட்டு வேகவைக்கறது இங்க நடக்காத கதை. குக்கர் குக்கரா வச்சுத்தான் எடுக்கணும். மார்கழி தையில விடிகாலையில பத்த வச்சா, கொஞ்ச நேரத்துலயே சிலிண்டர் மேல பனி பூத்து தீ சிறுத்துப்போகும். இந்த லட்சணத்துல, பந்தி நடக்கும்போது வந்து "அக்கா, இன்னொரு இருபது பேருக்கு மட்டும்" அப்படின்னா நான் என்ன மந்திரம் போடறதா?

இட்லி மாவு இன்னும் மோசம். கீழ ராத்திரி கரைச்சு வச்சா காலையில பொங்கி வழியும். இங்க உறைபனி நேரத்துல முழுசா ஒரு நாள் ஆனாலும் அசையாம உக்காந்திருக்கும். கம்பளி சுத்தி, அடுப்பு ஓரத்துல வச்சு, பச்சப்புள்ளையப் பாக்கற மாதிரி பாக்கணும். காலை டிபனுக்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி முப்பது பேரைச் சேர்க்கறவங்க கிட்ட, ரவா உப்புமா கிண்டித் தர்றேன்னேன். "விசேஷத்துக்கு உப்புமாவா?"ன்னு கோவம் வேற.

வாழையிலை மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வரணும். பத்தலன்னா பக்கத்துத் தோட்டத்துல அறுக்கலாம்னா, எங்களைச் சுத்தி இருக்கறது தேயிலை. அதுல சோறு போடவா? "பிளாஸ்டிக் தட்டு வாங்கிட்டு வாங்க"ன்னு கூசாம சொல்றாங்க. 2019 ஜனவரி 1ல தமிழ்நாடு முழுக்கத் தடை வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே நம்ம நீலகிரி மாவட்டத்துல தடை வந்தாச்சு. இங்கயே பிறந்து வளர்ந்தவங்களே இதைக் கேட்டா நான் எங்க போய் முட்டிக்க?

போன மாசம் ஒரு பிறந்தநாள். அறுபதுன்னு எழுதி வாங்கியிருந்தேன். நான் எப்பவும் அஞ்சாறு இலை கூடத்தான் சமைப்பேன். முதல் பந்தியிலயே ஹால் நிறைஞ்சு, சுவர் ஓரமா இன்னொரு கூட்டம் நிக்குது. நான் ரைத்தா எடுக்கத் திரும்பின நேரத்துல, அந்த வீட்டுப் பெரியம்மா பிரியாணி தேக்சாவைத் திறந்து, மேல இருக்கற சோத்தை அகப்பையால ஒதுக்கிட்டு, அடியில இருந்து கறித்துண்டா பார்த்துப் பார்த்து எவர்சில்வர் தூக்குல அள்ளிக்கிட்டு இருக்காங்க. "என்னங்கம்மா, இன்னும் பாதிப் பேர் சாப்பிடலயே"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. "வர முடியாத சம்பந்திக்கும்மா, வண்டி கிளம்பப்போகுது"ன்னுட்டு மூடியை அழுத்திச் சாத்தினாங்க. தம்மும் போச்சு, கறியும் போச்சு. ரெண்டாம் பந்தியில உக்காந்தவங்க "என்னங்க இது, குஸ்காவா?"ன்னு என்னையத்தான் கேட்டாங்க, அந்தத் தூக்கைக் கேக்கல.

அப்புறம் இந்தக் குழந்தைங்க கணக்கு. "சின்னப் பசங்களைச் சேக்காதீங்க, அதுங்க என்ன சாப்பிடப்போகுதுங்க." மடியில இருக்கற குழந்தைக்கு நான் காசு கேக்கல. மீசை அரும்பற பையனைக் காட்டி "இவன் சின்னப் பையன்"ங்கறாங்க. அந்தச் சின்னப் பையன் சிக்கன் 65 தட்டை நடுவுல வச்சுக்கிட்டு யாரையும் பக்கத்துல விடல.

இதுல எனக்கு என்ன நிக்குதுன்னு கணக்கைப் பாருங்க. இலைக்கு 280 ரூபாய்னு பேசறேன்னு வைங்க. அரிசி, கறி, எண்ணெய், கேஸ், உதவிக்கு வர்ற ரெண்டு பேர் கூலி, ஆட்டோ எல்லாம் போக 40 நின்னா பெரிசு. 60 இலைக்கு 2,400. கூட 20 பேர் வந்து நிக்கறப்போ மானத்தைக் காப்பாத்த ஓட்டல்ல பிரியாணி வாங்கினா, பிளேட் 250னு வச்சாலும் 5,000. ராத்திரி முழுக்கக் கண் முழிச்சுச் சமைச்சு, கையில இருந்து 2,600 போட்டுட்டு வர்றேன். பில்லுல அந்த இருபதைச் சேர்த்தா "நாங்க அறுபதுதானே சொன்னோம்?" அடேங்கப்பா, அப்ப மட்டும் கணக்கு துல்லியமா ஞாபகம் வருது! "தொழிலைப் பெரிசாக்கலாமே, ரெண்டு ஆள் போட்டு, வண்டி ஒண்ணு எடுத்து"ன்னு அறிவுரை சொல்றவங்களும் இவங்களேதான். புது தேக்சா வாங்க வச்ச காசு உங்க மச்சான் வீட்டு ஆளுங்க வயித்துல இருக்குங்க.

ஆள் குறைஞ்சாலும் அடி எனக்குத்தான். ஐப்பசி மழையில மலைப்பாதையில பர்லியார் பக்கம் மரம் விழுந்து வண்டி நின்னா, கீழ இருந்து வர்ற சொந்தம் பாதி வழியிலயே திரும்பிடும். மலைக்கு ஏறி வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து இருக்கு. 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கட்டுப்பாடும் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை விசேஷத்தை வச்சுட்டு, சனிக்கிழமை ராத்திரி பாஸ் தேடினா எப்படிக் கிடைக்கும்? பஸ்ல வாங்கன்னா கௌரவக் குறைச்சல். கடைசியில நூத்துக்கு எழுபது பேர் வந்து, "மீந்ததை நீங்களே எடுத்துக்கிட்டு பணத்தைக் கழிச்சுக்கங்க"ங்கறாங்க. முப்பது பேர் சாப்பாட்டை நான் எடுத்துட்டுப் போய் எங்க விக்கறது, சிம்ஸ் பார்க் வாசல்லயா?

வந்த எழுபதும் நேரத்துக்கு வந்தாலாவது பரவாயில்ல. பன்னெண்டரைன்னு சொல்லிட்டு மூணு மணிக்கு வந்து "சூடு இல்லையே"ங்கறாங்க. இந்தக் குளிர்ல ஹாட்பாக்ஸும் ஓரளவுக்குத்தான் தாங்கும். கறிக்குழம்பு மேல கொழுப்பு வெள்ளையா உறைஞ்சு நிக்கறதைப் பார்த்துட்டு, "டால்டா ஊத்தினீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அட அண்ணா, அது ஆட்டோட கொழுப்பு!

அதனால இனிமே இப்படித்தான். மூணு நாள் முன்னாடி நம்பர் வரணும், வாட்ஸ்அப்ல எழுத்தா. அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு இலைக்கும் காசு. குறைஞ்சா கழிக்க மாட்டேன். கடைசிப் பந்தி எந்திரிக்கற வரைக்கும் தேக்சா மூடியில யாரும் கை வைக்கக் கூடாது, அது சம்பந்தியா இருந்தாலும் சரி, சாமியா இருந்தாலும் சரி. ஒத்துவரலன்னா வேற ஆளைப் பாருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்டிருக்கற அருவங்காடு அண்ணா, உங்களுக்கும் சேர்த்துத்தான். "நூறுல இருந்து நூத்தம்பது"ன்னு அனுப்பியிருக்கீங்க. நடுவுல அம்பது பேர் நிக்கறாங்கண்ணா. அவங்க வர்றாங்களா இல்லையான்னு அண்ணிகிட்ட கேட்டு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க.