ஸ்டிக்கி நோட் ஒட்டினதுக்கு மூணு நாள் சஸ்பென்ஷன்

பசை கூட இல்லங்க, வெறும் ஸ்டிக்கி நோட். விரலால இழுத்தா உரிஞ்சு கையோட வந்துரும், ஒட்டின தடமே இருக்காது. அத ஒட்டினதுக்குத்தான் எங்க அக்கா பையன மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணி, பிரிவு விழாவுக்கு வரக்கூடாதுன்னு சொல்லி, அக்காவ கூப்பிட்டு ஆபீஸ் ரூம் வாசல்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சு, "உங்க பையன்கிட்ட இருந்து இத எதிர்பார்க்கல"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. கூட நானும் போயிருந்தேன். வாயத் திறக்காம வந்துட்டேன். அவன் சர்டிபிகேட் அவங்க கையில இருக்கு, நான் கோவத்துல ஒரு வார்த்தை விட்டு அது அவன் தலையில விடிஞ்சா என்ன பண்றதுன்னு பயம். அங்க முழுங்கினதெல்லாம் இப்ப தொண்டையில நிக்குது, அதான் இங்க கொட்றேன்.

நடந்தது இதுதான். 12 வருஷமா ஒண்ணா படிச்ச பிள்ளைங்க, கடைசி வாரம், பரீட்சையெல்லாம் முடிஞ்சாச்சு. பதினோரு பேர் சேர்ந்து காலைல முதல் மணிக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்து பிரின்சிபால் ரூம் கதவு, வராண்டா சுவர், நோட்டீஸ் போர்டு கண்ணாடி எல்லாத்துலயும் மஞ்சள், பச்சை, ரோஸ்னு நோட்டா ஒட்டித் தள்ளியிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு டீச்சர் வகுப்புல அடிக்கடி சொல்ற வசனம். "கடைசி பெஞ்ச், அங்க என்ன சத்தம்?" "இது கண்டிப்பா பரீட்சைல வரும், அடிக்கோடு போட்டுக்கோ." "உங்களுக்கு முந்தின செட் எவ்வளவோ பரவால்ல." பேர் கிடையாது, கிண்டல் கிடையாது, யாரோட உருவத்தையோ குரலையோ பத்தி ஒரு எழுத்து கிடையாது. ரெண்டு டீச்சர் நின்னு ஒவ்வொண்ணா படிச்சு சிரிச்சிருக்காங்க, ஒருத்தர் தன்னோடது எதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு அத போட்டோ வேற எடுத்துக்கிட்டாராம்.

அப்புறம் பிரின்சிபால் வந்தாரு.

இப்ப நான் சொல்லப்போறதுதான் என் ரத்தத்த கொதிக்க வைக்குது. மணி அடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் உரிச்சு எடுத்துடணும்னு பசங்க முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க, அதுக்குன்னே ஒரு பெரிய பையும் கொண்டு வந்திருந்தாங்க. உரிக்க ஆரம்பிச்ச பசங்கள "எதையும் தொடாத, போட்டோ எடுக்கணும்"னு நிறுத்தி, வராண்டாவுலயே வரிசையா நிக்க வச்சு, கூட்டிப் பெருக்கற அக்காவ கூப்பிட்டு அத்தனையையும் உரிக்கச் சொல்லியிருக்காங்க. "நாங்க எடுத்துடறோம் சார்"னு இவனே ரெண்டு தடவ கேட்டிருக்கான். விடல. ஆனா வீட்டுக்கு வந்த கடுதாசியில முதல் காரணமா என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? "துப்புரவுப் பணியாளருக்கு வேலைச்சுமை ஏற்படுத்தியது." அந்த அக்காவுக்கு வேலை வச்சது யாருங்க? பதினோரு பிள்ளைங்க கையக் கட்டி நிக்க, வயசான ஒரு பொம்பளைய ஸ்டூல் மேல ஏத்தி உரிக்க விட்டது யாரு?

நான் எல்லா பிராங்க்கையும் தூக்கிப் பிடிக்கறவன் இல்ல. ஃபயர் அலாரத்த இழுத்து விடறது விளையாட்டே கிடையாது, நூத்துக்கணக்குல பிள்ளைங்க படியில முண்டியடிச்சு இறங்கறப்ப ஒண்ணு விழுந்தா மிதிபட்டுரும், வீணா அங்க வந்து நிக்கற தீயணைப்பு வண்டி அந்த நேரம் வேற எங்கயோ தேவைப்படலாம், அதோட நாளைக்கு நிஜமாவே அலாரம் அடிக்கறப்ப எவனும் எழுந்திருக்க மாட்டான். தரையில எண்ணெய் ஊத்தறது, பூட்டுக்குள்ள பசை விடறது, வாயில்லா ஜீவனப் பிடிச்சு வகுப்புக்குள்ள விட்டு அத மிரள வைக்கறது, இதெல்லாம் எந்த வருஷக் கடைசியில பண்ணாலும் தப்புதான். எல்லாத்துலயும் கேவலம் ஒரே ஒரு பிள்ளையவோ ஒரே ஒரு டீச்சரையோ குறி வச்சு கூட்டத்துக்கு நடுவுல அழ வைக்கறது. இதுக்கெல்லாம் தண்டனை குடுங்க, நானே வந்து பக்கத்துல நிக்கறேன். நான் கேக்கறது இதுதான்: யாருக்கு அடிபட்டுச்சு, எது உடைஞ்சுது, யாரு தலைகுனிஞ்சாங்க, சரி பண்ண யாரோட காசு செலவாச்சு? எல்லாத்துக்கும் பதில் "இல்ல"ன்னு வந்தா அப்புறம் எதுக்கு தண்டனை? அந்தக் கடுதாசிய நான் திருப்பித் திருப்பிப் படிச்சேன், "நிறுவனத்தின் மாண்புக்கு இழுக்கு"ன்னு ஒரு வரி இருக்கு. கலர் பேப்பர் ஒட்டினா போயிடற மாண்பா அது?

இது எங்கயோ ஒரு ஸ்கூல்ல நடக்கற அதிசயமும் இல்ல. 2011ல அமெரிக்காவுல, இந்தியானா மாநிலத்துல, 18 வயசு பையன் ஒருத்தன் கடைசி நாள் விளையாட்டா காத்தடிச்ச பொம்மை ஒண்ண டப்பாவுல வச்சு பாத்ரூம்ல விட்டுட்டுப் போனான். என்னமோ ஏதோன்னு ஸ்கூலயே காலி பண்ணி வெடிகுண்டு நிபுணர்கள கூப்பிட்டுட்டாங்க. மர்மமா டப்பா வச்சது முட்டாள்தனம், பயந்தவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா உள்ள இருந்தது பொம்மைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் அந்தப் பையன் மேல பெரிய கிரிமினல் கேஸ் போட்டாங்க, எட்டு வருஷம் வரைக்கும் ஜெயில் ஆகலாம்னு பேச்சு வந்துச்சு. பொம்மைக்கு எட்டு வருஷம்! அந்த வீட்டுல அன்னைக்கு ராத்திரி யாருக்காவது சோறு இறங்கியிருக்குமா?

அந்த நாட்டுல 1994ல ஸ்கூலுக்கு துப்பாக்கி கொண்டு வர்றவங்கள ஒரு வருஷம் வெளிய அனுப்பணும்னு சட்டம் வந்துச்சு, அது நியாயம்தான், ஆனா அந்த மாதிரி கெடுபிடி அப்படியே பரவி சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சஸ்பென்ஷன்னு ஆயிருச்சு. இத உக்காந்து ஆராய்ஞ்சு அமெரிக்க உளவியல் சங்கம் 2008ல ஒரு அறிக்கை போட்டாங்க, இந்த மாதிரி கண்மூடித்தனமான தண்டனையால ஸ்கூல் பாதுகாப்பாவும் ஆகல, ஒழுக்கமும் கூடலன்னு. சஸ்பெண்ட் ஆன பிள்ளைங்கதான் பின்னாடி மறுபடி சஸ்பெண்ட் ஆகறாங்களாம். படிச்சவங்க ஆராய்ஞ்சு சொல்லி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அதே மூணு நாள், அதே "பெற்றோரை அழைத்து வரவும்".

இன்னொரு பக்கம் பாருங்க. 1958 ஜூன்ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டில ஒரு நாள் காலைல எல்லாரும் எழுந்து பாத்தா செனட் ஹவுஸ் கூரை உச்சியில ஒரு ஆஸ்டின் செவன் கார் நிக்குது. ராத்திரியோட ராத்திரியா பசங்க ஏத்திட்டாங்க. கீழ இறக்க கிட்டத்தட்ட ஒரு வாரம் தலையப் பிச்சுக்கிட்டாங்க. அந்தப் பசங்க படிச்ச காலேஜோட டீன் ஹியூ மான்டிஃபியோர் என்ன பண்ணாரு தெரியுமா, யாரு பண்ணாங்கன்னு தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டு, பண்ண பசங்க தங்கியிருந்த பக்கம் ஷாம்பெயின் அனுப்பி வச்சாரு. அமெரிக்காவுல இருக்கற மாசசூசெட்ஸ் எம்ஐடில 1994ல பெரிய டோம் மேல போலீஸ் கார் மாதிரியே ஒண்ண செஞ்சு நிறுத்தினாங்க, அத இன்னைக்கும் அவங்க கட்டடத்துலயே காட்சிக்கு வச்சிருக்காங்க. அங்க மாணவர்களுக்குள்ளயே ஒரு நெறி இருக்கு: எதையும் சேதம் பண்ணாத, திருடாத, தனியா போகாத, எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு வா. ஜெர்மனில பன்னெண்டு பதிமூணு வருஷப் படிப்பு முடிக்கறவங்க ஸ்கூலயே ஒரு நாள் தங்களோட கையில எடுத்துக்கிட்டு டீச்சர்கள கலாய்க்கறதுக்குன்னே அபிஷ்ட்ரைஹ்னு ஒரு வழக்கம் இருக்கு, பல ஸ்கூல்ல முன்னாடியே பேசி வச்சுத்தான் நடக்கும். கேம்பிரிட்ஜும் எம்ஐடியும் காலேஜ் பசங்க, இவன் ஸ்கூல் பையன்னு நீங்க சொல்லலாம். சரி, சின்னப் பசங்கன்னா இன்னும் கொஞ்சம் இளகின மனசோடதான பாக்கணும்?

"இன்னைக்கு இத விட்டா நாளைக்கு பெருசா பண்ணுவாங்க"ன்னு அந்த ரூம்ல ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அதுக்கு அங்கயே பதில் சொல்லாம வந்தது எனக்கு இன்னும் உறுத்துது. நேர் எதிருங்க அது. 2005ல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கார் ஓட்டற கம்ப்யூட்டர் கேம் குடுத்து, 13ல இருந்து 16 வயசு பசங்க தனியா ஆடறப்ப ஒரு மாதிரி, கூட்டாளிங்க பக்கத்துல நின்னா ரொம்ப அதிகமா ரிஸ்க் எடுக்கறாங்கன்னு காட்டினாங்க. அந்த வயசத் தாண்டி ஒரு வருஷம் ரெண்டு வருஷம்தான் இவங்களுக்கு ஆகுது. பதினோரு பேர், கடைசி வாரம், பக்கத்துல பெரியவங்க யாரும் இல்ல, என்ன வேணா பண்ணியிருக்கலாம். ஆனா அவங்க தேர்ந்தெடுத்தது உரிச்சா வந்துடற பேப்பர். பெயின்ட் வேண்டாம்னு இவங்களே பேசி முடிவு பண்ணியிருக்காங்க, சுவர் பாழாயிடும்னு ஒரு பொண்ணு சொன்னாளாம். அந்த யோசனைக்கு என்ன மரியாதை கிடைச்சுது? கண்ணாடிய உடைச்சிருந்தாலும் இதே மூணு நாள்தான் கிடைச்சிருக்கும். உடைச்சவனுக்கும் ஒட்டினவனுக்கும் ஒரே தண்டனைன்னா, அடுத்த வருஷம் வர்ற பசங்க எதுக்கு பெயின்ட்டுக்கும் பேப்பருக்கும் வித்தியாசம் பாக்கப் போறாங்க?

அதுவும் எந்த நேரத்துல. வருஷ நடுவுல தண்டிச்சா, திருந்தி நல்ல பேர் வாங்க மிச்ச நாள் இருக்கும். கடைசி வாரத்துல தண்டிச்சா திருந்திக் காட்ட ஒரு நாள் கூட இல்ல, அந்த ஸ்கூல பத்தி கடைசி ஞாபகமே அந்த வராண்டாவுல நின்னதாத்தான் இருக்கும். கூட்டாளிங்க கையெழுத்துப் போட சட்டையோட காத்திருந்த நாளுக்கு இவன் வீட்டுல சுவரப் பாத்துட்டுப் படுத்திருக்கான். சாப்பிடச் சொன்னா "பசிக்கல மாமா"ங்கறான். அவ்வளவுதான் பேசறான்.

கேள்வி கேக்கக் கூட இல்லங்க அவங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975லயே, கோஸ் எதிர் லோபஸ் வழக்குல, பத்து நாளுக்குள்ள சஸ்பெண்ட் பண்றதா இருந்தாலும் என்ன குத்தம்னு பிள்ளைகிட்ட சொல்லணும், அவன் தரப்ப சொல்ல வாய்ப்பு குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல வந்தது, அதுல 28ஆவது பிரிவுல பள்ளி ஒழுங்கு நடவடிக்கை குழந்தையோட மனித மாண்புக்கு ஒத்துப் போகணும்னு இருக்கு. குழந்தையோட மாண்பு! கட்டடத்தோட மாண்பு இல்ல. இங்க இவன ஒரு வார்த்தை கேக்கல, நாங்க ரூமுக்குள்ள போறப்பவே முடிவு டைப் அடிச்சு கவர்ல தயாரா இருந்துச்சு.

என்ன பெருசா எதிர்பார்த்தோம்? "சரிடா, படிச்சாச்சு, சிரிச்சாச்சு, மணி அடிக்க பத்து நிமிஷம் இருக்கு, எல்லாத்தையும் உரிச்சுட்டு வகுப்புக்குப் போங்க." இத சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பதினோரு பேரும் காலம் பூரா அந்த மனுஷன தலையில தூக்கி வச்சுக் கொண்டாடியிருப்பாங்க.

இப்ப கடைசியா ஒரு மன்னிப்புக் கடுதாசி கேட்டிருக்காங்க, அதுக்கு ஒரு ஃபாரம் வேற. "என் செயலால் பாதிக்கப்பட்டவர்கள்"னு ஒரு வரி, பக்கத்துல புள்ளி புள்ளியா இடம். திங்கக்கிழமைக்குள்ள குடுத்தாத்தான் சர்டிபிகேட். நேத்து ராத்திரி பேனாவ வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான், கடைசியா அந்த இடத்துல கூட்டிப் பெருக்கற அக்கா பேர எழுதிட்டு என்னைப் பாத்து, "சரிதான மாமா, அவங்கதான ஸ்டூல் மேல ஏறி உரிச்சாங்க"ன்னு கேட்டான்.